எட்டுத் தாள் அப்நார்மல் லாஸ்

மொதல்லயே சொல்லிடறேன். நான் பிரிண்டர் மெக்கானிக் இல்லை. போட்டோகிராபி படிச்சவனும் இல்லை. பி.காம் மூணாவது வருஷம். காலையில காலேஜ், சாயங்காலம் பாளையங்கோட்டையில மாமாவோட ஜெராக்ஸ் கடை. அந்தக் கடையில இருக்கற ஒரே கலர் பிரிண்டரைப் படுக்க வச்சவன்ங்கற தகுதியில தான் இதை எழுதறேன் :-)

கதை எங்க டிபார்ட்மென்ட் அட்டெண்டர் ஐயாவுல ஆரம்பிக்குது. ஜூன் 30-ஆம் தேதி அவருக்கு ரிடயர்மென்ட். எங்க டிபார்ட்மென்ட் சுவர்ல வருஷா வருஷம் எடுத்த குரூப் போட்டோ வரிசையா மாட்டியிருக்கும். அதுல ஐயா எங்க இருக்கார்னு ஒரு நாள் சும்மா தேடிப் பார்த்தோம். ஒண்ணுல கூட இல்லை! பெஞ்ச் தூக்கிப் போடறது, நாற்காலி வரிசை பண்றது எல்லாம் அவரு தான். போட்டோ எடுக்கறப்ப மட்டும் ஓரமா நின்னுருப்பார். ஒரு படத்துல இடது ஓரத்துல ஒரு கை மட்டும் தெரியுது. அது அவரு கை தான்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம்.

சரி, அவரை மட்டும் ஒரு நல்ல படம் எடுத்து ஃப்ரேம் போட்டுக் கொடுப்போம்னு கிளாஸ்ல பேச்சு வந்துச்சு. அப்ப சும்மா இருந்திருக்கலாம். நான் தான் எழுந்து, "சாதா பிரிண்ட் எல்லாம் வேண்டாம், சயனோடைப் பண்ணலாம்"னு வாயை விட்டேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, விஸ்காம் பசங்க நடத்தின பட்டறையில வேப்பிலையை வச்சு ஒரு நீலப் படம் எடுத்திருக்கேன். என் மொத்த அனுபவமும் அந்த ஒரு வேப்பிலை தான். 46 பேர், ஆளுக்கு 25 ரூபாய், மொத்தம் 1150 ரூபாய் என் கையில வந்துடுச்சு. இருந்தது 12 நாள்.

சயனோடைப் தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 1842-ல ஜான் ஹெர்ஷல்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடிச்ச முறை. அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ்ங்கற அம்மா கடல்பாசிகளை இப்படிப் பதிவு பண்ணி புத்தகமாவே வெளியிட ஆரம்பிச்சுட்டாங்க. கட்டட வரைபடத்துக்கு 'ப்ளூ பிரிண்ட்'னு பேர் வந்ததும் இந்த முறையால தான். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 100 மில்லி தண்ணியில 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 100 மில்லியில 10 கிராம். தனித்தனியா கரைச்சு, வேணும்கறப்ப சரிபாதியாக் கலந்து, ஓவியத் தாள்ல தடவி, இருட்டுல காய வைக்கணும். அது மேல நெகட்டிவை வச்சு, கண்ணாடியால அமுக்கி, வெயில்ல காட்டணும். வெயில்ல இருக்கற யூ.வி. பட்ட இடம் நீலமாகும். படாத இடம் தண்ணியில கழுவினா வெள்ளையா நிக்கும். அவ்வளவு தான்.

இதுல ஒரு சிக்கல். இது பெரிசாக்கிக் காட்டற வித்தை இல்லை. படம் எந்த அளவு வேணுமோ, நெகட்டிவும் அதே அளவு இருக்கணும். ஏ4 படத்துக்கு ஏ4 நெகட்டிவ். அதை இப்ப எல்லாரும் கம்ப்யூட்டர்ல தயார் பண்ணி, இங்க்ஜெட் பிரிண்டர்ல கண்ணாடித் தாள்ல அடிச்சுக்கறாங்க. அமெரிக்காவுல டான் பர்க்ஹோல்டர்னு ஒரு போட்டோகிராபர் 1995-லயே இதுக்கு ஒரு புத்தகம் போட்டுட்டார். ஆக, உலகத்துக்கு இது பழசு. எனக்கும் எங்க மாமா பிரிண்டருக்கும் தான் புதுசு.

மொத நாள். பக்கத்து ஸ்டேஷனரி கடையில "ஓ.ஹெச்.பி. ஷீட் குடுங்க"ன்னு கேட்டு மூணு வாங்கினேன். அடிச்சேன். தாள் வெளிய வந்தப்ப மை எல்லாம் பனித்துளி மாதிரி முத்து முத்தா நின்னுச்சு. ஐயாவோட முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு குட்டிக் குளம். அரை மணி நேரம் ஃபேன்ல வச்சும் காயலை. இங்க்ஜெட் மையில பெரும்பங்கு தண்ணி. வெறும் பிளாஸ்டிக் தாள் தண்ணியைக் குடிக்காது. நான் வாங்கினது ஜெராக்ஸ் மிஷினுக்கான ஷீட். அதுல மைத்தூள் சூட்டுல உருகி ஒட்டிக்கும், அதனால குடிக்கணும்ங்கற அவசியம் இல்லை. இங்க்ஜெட்டுக்குன்னு மேல ஒரு பூச்சு பூசின ஃபிலிம் தனியா விக்குது. அந்தப் பூச்சு தான் மையை உறிஞ்சிப் பிடிச்சுக்கும்.

இதுல காசு போனது பெரிசில்லை. காயாத மை பிரிண்டர் உருளையில ஒட்டி, அடுத்து வந்த அக்காவோட ஸ்காலர்ஷிப் ஃபாரத்துல நீலமா ஒரு கோடு. அந்தக்கா ஒண்ணும் சொல்லலை, மாமா தான் பார்த்தார். "என்னல இது?"ன்னார். "தெரியலை மாமா, ரோலர்ல ஏதோ அழுக்கு"ன்னேன். மொதல் பொய்.

சரியான ஃபிலிமை ஆன்லைன்ல வரவழைச்சேன். 20 தாள், 560 ரூபாய். தாள் ஒண்ணு 28 ரூபாய். அதுல மொதல் ரெண்டையும் பூச்சு இல்லாத பக்கத்துல அடிச்சுக் கெடுத்தேன். ஒண்ணு தப்பாப் போனதும் திருப்பிப் போட்டேன், ஆனா டிரேயில தாள் எந்தப் பக்கம் மடங்கி உள்ள போகும்னு யோசிக்காம திருப்பினதால மறுபடி அதே பக்கம். அவ்வ்வ்.. அப்புறம் தான் வழி தெரிஞ்சுது. விரலை லேசா ஈரமாக்கி தாளோட மூலையைத் தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு ஒட்டற பக்கம் தான் பூச்சுப் பக்கம். டிரே விஷயத்துக்கு, ஒரு வெள்ளைத் தாள்ல பென்சிலால பெருக்கல் குறி போட்டு சும்மா ஒரு வரி அடிச்சுப் பாருங்க. எழுத்து குறி இருக்கற பக்கம் விழுந்துச்சா, மறுபக்கமா? முடிஞ்சது. ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது, பிரிண்டர் "தாள் இல்லை"ன்னு அடம் பிடிச்சுது. தாள் கண்ணு முன்னாடி இருக்கு! சில பிரிண்டர்கள் தாள் வந்துடுச்சான்னு ஒளியை வச்சுத் தேடும். கண்ணாடித் தாள்ல ஒளி ஊடுருவிப் போயிடறதால அதுக்கு தாள் இருக்கறதே தெரியாது. மொதல்ல உள்ள போற ஓரத்துல வெள்ளை காகித டேப்பை ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டினேன், மரியாதையா உள்ள இழுத்துக்கிச்சு. டேப் சுருக்கமில்லாம ஒட்டணும், இல்லைன்னா உள்ள சிக்கிக்கும். ஒரு தடவைக்கு ஒரே தாள் தான் வைக்கணும்.

இப்ப வரப் போறது தான் நான் பண்ணின பெரிய தப்பு.

சரியான பக்கத்துல படம் விழுந்துச்சு. ஆனா குறுக்கால மெல்லிசா கோடு கோடா. சட்டை, முகம், பின்னாடி சுவர், எல்லா இடத்துலயும் சீப்பு போட்டு வாரின மாதிரி. கடையில நான் பார்த்துப் பழகின ஒரே வைத்தியம் ஹெட் கிளீனிங். அமுக்கினேன். இன்னொரு தாள் அடிச்சேன். கோடு அப்படியே இருந்துச்சு. மறுபடி கிளீனிங், மறுபடி தாள். இப்படியே அஞ்சு தாள். நடுவுல பவர் கிளீனிங்னு ஒண்ணு இருக்கு, அதையும் ரெண்டு தடவை. ராத்திரி எட்டரைக்கு பிரிண்டர்ல ரெண்டு சிவப்பு விளக்கும் மாறி மாறி மின்ன ஆரம்பிச்சுது. திரையில சர்வீஸ் சென்டரைப் பாருங்கன்னு ஒரு செய்தி. அப்புறம் எதை அமுக்கினாலும் அசையலை.

நடந்தது இது தான். கிளீனிங்னு அமுக்கினா பிரிண்டர் ஹெட்டைத் துடைக்கறதோட நிக்காது. ஒவ்வொரு மை வாய்லயும் மையை உறிஞ்சி வெளிய தள்ளுது. அந்த மை எல்லாம் பிரிண்டருக்கு அடியில இருக்கற ஒரு பஞ்சுல போய்ச் சேருது. பஞ்சு எவ்வளவு குடிச்சிருக்கும்னு பிரிண்டர் உள்ளுக்குள்ள கணக்கு வச்சுக்கிட்டே இருக்கு. அந்தக் கணக்கு எல்லையைத் தொட்டதும், மை வழிஞ்சுடக் கூடாதுன்னு வேலையையே நிறுத்திடும். பஞ்சை மாத்தி, கணக்கை மறுபடி பூஜ்யம் ஆக்கினா தான் ஓடும். மாமா பல வருஷமா ஓட்டின பிரிண்டர். பஞ்சு ஏற்கெனவே நிறைஞ்சு தான் இருந்திருக்கும். மிச்சம் இருந்த கொஞ்ச இடத்தை நான் ஒரே ராத்திரியில தீர்த்துட்டேன்.

ஜூன் மாசம். ஸ்கூல் அட்மிஷன், காலேஜ் அட்மிஷன், ஸ்காலர்ஷிப், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.. ஜெராக்ஸ் கடைக்காரங்களுக்கு வருஷத்துல பெரிய சீசன் இது தான். அந்த நேரத்துல கலர் பிரிண்டர் படுத்துடுச்சு.

அன்னைக்கு ராத்திரி தூங்கலை. காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னு, ஓ.ஹெச்.பி. ஷீட்ல இருந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரோலர் அழுக்குன்னு சொன்னது பொய்ங்கறதையும் சேர்த்து. மாமா திட்டுவார்னு தான் நினைச்சேன். அவரு கேட்டது ஒரே கேள்வி. "மருமவனே, கோடு விழுதுன்னு ஹெட்டைக் கழுவினியே, ஹெட்டுல தான் கோளாறுன்னு உனக்கு யாருல சொன்னா?"

யாரும் சொல்லலை. நானே நினைச்சுக்கிட்டேன்.

மெக்கானிக் அண்ணன் மறுநாள் மத்தியானம் தான் வந்தார். பஞ்சு மாத்தி, ரீசெட் பண்ணி, 650 ரூபாய். ஒண்ணரை நாள் கலர் வேலை எல்லாம் எதிர்க் கடைக்குப் போச்சு. மாமா நோட்டுல "சர்வீஸ் 650 - மருமவன் கணக்கு"ன்னு எழுதி வச்சார். (ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா கடையில உட்கார்ந்து கழிச்சுட்டு இருக்கேன்.)

பிரிண்டர் எழுந்ததும் மெக்கானிக் அண்ணன் பண்ணின மொத வேலை, வெள்ளைத் தாள்ல நாசில் செக். எல்லாக் கோடும் முழுசா வந்துச்சு, ஒரு இடத்துல கூட விடுபடலை. "நீங்க கிளீனிங் பண்றதுக்கு முன்னாடி இதை எடுத்துப் பார்த்தீங்களா தம்பி?"ன்னார். இல்லை. எடுத்திருந்தா அன்னைக்கும் முழுசாத் தான் வந்திருக்கும்னு நினைக்கறேன், ஏன்னா கழுவுறதுக்கு முன்னாடி வந்த கோட்டுக்கும் பின்னாடி வந்த கோட்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அதனால பிரிண்ட்ல கோடு விழுந்தா இப்படிப் பாருங்க. நாசில் செக்ல கோடு விடுபட்டிருந்தா மை வாய் அடைச்சிருக்கு. ஒரு தடவை கிளீனிங் பண்ணுங்க, மறுபடி செக் எடுங்க. நாசில் செக் முழுசா இருந்தும் படத்துல சம இடைவெளியில கோடு விழுந்தா, ஹெட் மேல தப்பில்லை. தாள் நகர்ற அளவும் ஹெட் ஓடற வேகமும் தான் சந்தேகம். நான் 'சாதா தாள்', 'வேகம்'னு கடைக்கு வச்சிருந்த அமைப்புலயே அடிச்சிருக்கேன். ஃபிலிம் வழுக்கற சாமான், தாள் மாதிரி சீரா நகராது. தாள் வகையை போட்டோ பேப்பர்னு மாத்தி, தரத்தை உச்சத்துல வச்சு, ஹெட் போறப்பயும் வர்றப்பயும் அடிக்கற அதிவேக வசதியை நிறுத்தினேன். ஒரு படத்துக்கு ஆறேழு நிமிஷம் ஆச்சு. கோடு போயே போச்சு. கிளீனிங் ஒண்ணு கூடத் தேவைப்படலை.

அப்புறம் தான் நெகட்டிவ் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பார்க்க முடிஞ்சுது. கண்ணுக்கு கன்னங்கரேல்னு அருமையா இருந்துச்சு. வெயில்ல வச்சுக் கழுவினா, ஐயாவோட வெள்ளைச் சட்டை வெளிர் நீலம். முகமும் நீலம். கறுப்பா தெரியற மை யூ.வி.யையும் தடுக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை! கண்ணுக்குத் தெரியறதும் வெயிலுக்குத் தெரியறதும் வேற வேற.

இந்தத் தடவை எதையும் அமுக்கலை. ஒரு தாள் முழுக்க 30 கலர் கட்டம் அடிச்சு, அதையே நெகட்டிவா வச்சுப் பார்த்தேன். எங்க கடை பிரிண்டர்ல வெறும் கறுப்பை விட மஞ்சளும் மெஜந்தாவும் கலந்த ஆரஞ்சுக் கட்டம் தான் பளிச்சுன்னு வெள்ளையா நின்னுச்சு. யோசிச்சா நியாயம் தான். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கற மை, யூ.வி.யோ நீலத்துக்கு அடுத்த வீடு. உங்க பிரிண்டர்ல வேற நிறம் ஜெயிக்கலாம், ஒவ்வொரு மையும் ஒரு மாதிரி. கட்டம் அடிச்சுப் பார்க்கறது தான் ஒரே வழி. படத்தை கறுப்பு வெள்ளையாக்கி, தலைகீழாக்கி, கிம்ப்ல மேல ஒரு ஆரஞ்சு லேயர் போட்டு 'ஸ்கிரீன்' முறையில வச்சா, கறுப்பு இருந்த இடமெல்லாம் ஆரஞ்சாயிடும், வெள்ளை வெள்ளையாவே இருக்கும்.

இதுல இன்னொரு லாபம். கறுப்பை இன்னும் கறுப்பாக்கறேன்னு மையைக் கொட்டினா, அடர்த்தியான இடத்துல மை தேங்கி திட்டுத் திட்டா காயும். நெகட்டிவ்ல அடர்த்தியான இடம்னா, படத்துல வெளிச்சமான இடம். ஐயாவோட நரைச்ச தலையும் வெள்ளைச் சட்டையும்! மை அளவை படிப்படியாக் குறைச்சு ஒரே தாள்ல நாலு துண்டா அடிச்சுப் பார்த்து, திட்டு இல்லாம, வெள்ளையும் கெடாம இருந்த அளவை எடுத்துக்கிட்டேன். அடிச்ச தாளை ராத்திரி முழுக்கக் காய விட்டேன். சாரல் சீசன் ஈரக்காத்துக்கு அது கட்டாயம். காயாத நெகட்டிவ் சயனோடைப் தாள்ல ஒட்டிக்கிட்டா ரெண்டுமே போச்சு.

வெயில்ல எவ்வளவு நேரம்? கெட்டுப் போன தாள்ல மை படாத ஓரத்தை வெட்டி, தடவின தாள்ல பாதியை மட்டும் அதால மூடி, துண்டு துண்டா வேற வேற நிமிஷம் காட்டினேன். மூடின பக்கத்து நீலமும் மூடாத பக்கத்து நீலமும் எந்த நிமிஷத்துல ஒண்ணாகுதோ, அது தான் நேரம். எனக்கு உச்சி வெயில்ல 12 நிமிஷம். அந்த நேரத்தை மாத்தாம, பூஜ்யத்துல இருந்து 100 வரைக்கும் அஞ்சு அஞ்சா ஏறற 21 படி ஒண்ணு அடிச்சேன். மேல நாலு படி எல்லாமே ஒரே வெள்ளை, கீழ அஞ்சு படி எல்லாமே ஒரே நீலம். கர்வ்ஸை வளைச்சுத் திருத்தி இன்னொண்ணு அடிச்சேன். ரெண்டாவதுல படி ஓரளவு தனித்தனியாத் தெரிஞ்சுது. வெயில் மேகத்துக்குள்ள போனா நிமிஷக் கணக்கு செல்லாதுங்கறதால, இந்தப் படியைத் துண்டா வெட்டி படத்துக்குப் பக்கத்துலயே வச்சு, அது எவ்வளவு மாறியிருக்குன்னு பார்த்து எடுத்தேன்.

ஜூன் 27. எல்லாம் சரி. நெகட்டிவ் அடிச்சாச்சு, காய்ஞ்சாச்சு, வெயில்ல வச்சாச்சு, கழுவினேன். ஐயா அழகா வந்துட்டார். சத்தமாவே கத்திட்டேன். தங்கச்சி வந்து பார்த்துட்டு, "அண்ணே, பின்னாடி போர்டு என்ன பாஷை?"ன்னா. 'வணிகவியல் துறை' கண்ணாடியில பார்க்கற மாதிரி திரும்பி இருந்துச்சு. நெகட்டிவோட மைப் பக்கம் தான் தடவின தாளைத் தொடணும். அதனால அடிக்கறப்பயே படத்தை இடம் வலமாத் திருப்பிடணும். நான் மறந்துட்டேன். ஃபிலிமை அப்படியே புரட்டிப் போட்டா எழுத்து சரியாகும், ஆனா மைக்கும் தாளுக்கும் நடுவுல ஃபிலிமோட கனம் வந்து ஓரமெல்லாம் மங்கும். இன்னொரு தாள்.

அந்தத் தாள்ல சட்டை மேல வரிசையா நீலப் புள்ளி. தாளை வெளிய தள்ளற குட்டிப் பல் சக்கரங்கள் ஈர மையைக் குத்தின தடம். தடிமனான தாள்னு அமைப்பை மாத்தினதும் நல்லாவே குறைஞ்சுது. கடைசித் தாள்ல தோளுக்கு மேல, சுவர்ப் பக்கமா, உத்துப் பார்த்தா தெரியற மாதிரி ஏழெட்டுப் புள்ளி மட்டும் மிச்சம். அதை விட்டுட்டேன். நாளும் இல்லை, மாமா பிரிண்டர் மேல கை வைக்க மனசும் இல்லை.

பிராசஸ் காஸ்டிங் படிச்சவங்களுக்கு நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் தெரியும். ஒரு வேலை நடந்தா தவிர்க்க முடியாம வீணாகறது நார்மல் லாஸ். அது நல்ல சரக்கோட விலையிலயே அடங்கிடும். கவனமா இருந்திருந்தா தவிர்த்திருக்கலாம்கறது அப்நார்மல். அதை சரக்கு மேல ஏத்தக் கூடாது, தனியா நஷ்டக் கணக்குல தான் காட்டணும். 14 தாளையும் தரையில பரப்பி வச்சுக் கணக்குப் போட்டேன். கலர் கட்டம் ஒண்ணு, மை அளவு ஒண்ணு, 21 படி ரெண்டு, சக்கரப் புள்ளி ஒண்ணு. இந்த அஞ்சும் நார்மல். ஒவ்வொண்ணும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத் தான் வீணாச்சு. தப்பான பக்கம் ரெண்டு, கிளீனிங்கோட போன அஞ்சு, திருப்ப மறந்த ஒண்ணு. இந்த எட்டும் அப்நார்மல். 224 ரூபாய். இதையும் 650-யையும் கிளாஸ் பணத்துல எழுதலை. அது என் கணக்கு.

அந்த அஞ்சு தாளைப் பார்த்தா தான் இப்பவும் கடுப்பா இருக்கு. அஞ்சும் அச்சு அசல் ஒரே மாதிரி. மொதல் தாள் கேட்ட கேள்வியையே அஞ்சாவது தாளும் கேட்டுச்சு. நான் ஒரு தடவை கூடக் காது கொடுக்கலை, பட்டனை மட்டும் அமுக்கினேன்.

ஜூன் 30. ஐயா கையில படத்தைக் கொடுத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார். "நீலமா இருக்கே, ஏன்யா?"ன்னார். வெயில்ல எடுத்ததுன்னு சொன்னேன். புரிஞ்சுதோ இல்லையோ, தலையை ஆட்டினார். நெகட்டிவ் ஒண்ணு நல்லா அமைஞ்சுட்டா எத்தனை பிரதி வேணும்னாலும் எடுக்கலாம்ங்கறதால, இன்னொண்ணு எடுத்து டிபார்ட்மென்ட் சுவர்ல, குரூப் போட்டோ வரிசையோட கடைசியில மாட்டிட்டோம். அதை மாட்டறதுக்கு ஆணி அடிச்சதும் ஐயா தான். நாங்க சொல்லச் சொல்ல கேட்கலை, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிட்டார்.

பி.கு: போர்டு திரும்பி விழுந்த படம் மாமா கடையில பிரிண்டருக்கு மேல தொங்குது. வர்றவங்க எல்லாம் அதென்னன்னு கேட்கறாங்க. மாமா என்னைக் கை காட்டறார்.